மரம் போய்விட்டது, முகவரி மட்டும் இருக்கிறது! - கோஸ்டாரிகாவில் குடியேறியவர்களின் அன்றாடம்

"உங்கள் வீடு எங்கே இருக்கிறது?"

கோஸ்டாரிகாவின் தலைநகர் சான் ஹோசேயில் புதிதாகக் குடியேறிய வெளிநாட்டுக்காரரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். திருதிருவென்று முழிப்பார். வீடு தெரியும், முகவரிதான் சொல்ல வராது. பெரும்பாலான வீடுகளுக்குக் கதவு எண் என்று ஒன்று புழக்கத்தில் கிடையாது. தெருவுக்குப் பெயர் இருந்தாலும் அதை யாரும் சொல்வதில்லை. வாடகைப் பத்திரத்தில் முகவரி என்று போட்ட இடத்தில் இப்படித்தான் இருக்கும்: 'தேவாலயத்திலிருந்து 200 மீட்டர் வடக்கே, 50 மீட்டர் கிழக்கே, பச்சை கேட் போட்ட வீடு, வலது கைப் பக்கம்.'

சரி, தேவாலயத்தைக் கண்டுபிடித்து அளந்து நடந்தால் வந்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். இவர்கள் சொல்லும் 100 மீட்டர் என்பது ஒரு தெருமுனையிலிருந்து அடுத்த தெருமுனை வரை. நிஜத்தில் அது 80 மீட்டராக இருந்தாலும் 130 மீட்டராக இருந்தாலும் பேச்சில் அது 100 மீட்டர்தான்!

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. சான் பெத்ரோ பகுதியில் பல முகவரிகள் 'பழைய அத்தி மரத்திலிருந்து' என்று தொடங்கும். அந்தப் பழைய மரம் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. சான் ஹோசேயின் ஒரு பேருந்து நிலையத்தையும் அதைச் சுற்றிய பகுதியையும் ஊரே 'கோக்கா கோலா' என்றுதான் அழைக்கிறது. ஒரு காலத்தில் அங்கே அந்தக் குளிர்பானத்தைப் பாட்டிலில் அடைக்கும் ஆலை இருந்ததாம். ஆலை போய்விட்டது, பெயர் நிற்கிறது.

ஆக, அந்த ஊரில் வழி தெரிய வேண்டுமானால் இப்போது என்ன இருக்கிறது என்று தெரிந்தால் போதாது. முன்பு என்ன இருந்தது என்றும் தெரிந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்தவருக்கு முதல் நாளே கிடைக்கும் பாடம் இது.

ராணுவத்துக்கு விடை கொடுத்த நாடு

வடக்கே நிகராகுவா, தெற்கே பனாமா, ஒரு பக்கம் பசிபிக், மறு பக்கம் கரீபியன் கடல். நடுவே சுமார் 51,000 சதுர கிலோமீட்டர் பரப்பில், 50 லட்சத்துக்குச் சற்றே அதிகமான மக்களோடு இருக்கிறது கோஸ்டாரிகா. இவ்வளவு சின்ன நாட்டுக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் குடிபெயர்ந்து வர ஒரு முக்கியக் காரணம் 1948-ல் நடந்த ஒரு சம்பவம்.

அந்த வருடம் 44 நாட்கள் உள்நாட்டுப் போர் நடந்தது. அதில் வென்று ஆட்சிக்கு வந்த ஹோசே ஃபிகேரெஸ், டிசம்பர் 1-ஆம் தேதி ராணுவத்தையே கலைத்துவிட்டார். தலைநகரின் ராணுவக் கோட்டை இன்று தேசிய அருங்காட்சியகம். போரின்போது பாய்ந்த குண்டுகளின் தடத்தை அதன் சுவர்களில் இன்றும் பார்க்கலாம்.

இந்தச் செய்தி அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இருந்த சில குவேக்கர் குடும்பங்களை எட்டியது. போரில் ஆயுதம் ஏந்துவதில்லை என்பது குவேக்கர்களின் சமயக் கொள்கை. ராணுவத்தில் பெயர் பதிய மறுத்ததற்காக அவர்களில் நான்கு இளைஞர்கள் 1949-ல் சிறைக்குப் போனார்கள். வெளியே வந்ததும், ராணுவமே இல்லாத நாட்டில் வாழலாம் என்று குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டார்கள். 1951-ல் மலை உச்சியில் நிலம் வாங்கி, 'பச்சை மலை' என்று பொருள்படும்படி மொன்தெவெர்தே என்று பெயர் வைத்தார்கள்.

மாடு வளர்த்தார்கள், பாலாடைக்கட்டி செய்தார்கள். மாட்டு வண்டி போவதற்கே சிரமமான மலைப்பாதையில் பாலைக் கீழே கொண்டுபோவதற்குள் கெட்டுவிடும். பாலாடைக்கட்டியோ தாங்கும். அவர்கள் செய்த இன்னொரு காரியத்துக்குத்தான் இன்று உலகம் நன்றி சொல்கிறது. வாங்கிய நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் காடாகவே விட்டுவைத்தார்கள். ஆற்றுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது, மரத்தை வெட்டினால் ஊற்று வற்றிவிடும் என்பதுதான் காரணம். அதை ஒட்டி 1972-ல் உருவான காப்புக்காட்டைப் பார்க்க இன்று உலகெங்கிலுமிருந்து வருகிறார்கள்.

வந்தேறிகள் ஒரு மண்ணில் எப்படி இருக்கலாம் என்பதற்கு இது ஓர் உதாரணம். ஆனால், எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

வாசலில் நின்று 'ஊப்பே!'

புதிதாக வந்தவரின் வீட்டு வாசலில் காலையில் யாரோ "ஊப்பே!" என்று கத்துவார்கள். பயப்பட வேண்டாம். "வீட்டில் யாரும் இருக்கிறீர்களா?" என்று அர்த்தம். பெரும்பாலான வீடுகளில் வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே இரும்புக் கம்பி கேட் பூட்டிக் கிடக்கும். கதவைத் தட்ட முடியாது, குரல் கொடுக்கத்தான் வேண்டும்.

இந்தக் கம்பிகளைப் பார்த்துப் பலர் திகைப்பார்கள். 'அமைதியான நாடு என்றார்களே?' என்று கேட்பார்கள். அக்கம்பக்க நாடுகளோடு ஒப்பிட்டால் அமைதியான நாடுதான். ஆனால் திருட்டு உண்டு. போதைப்பொருள் கும்பல்களின் மோதலால் 2023-ல் 900-க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. அந்நாட்டு வரலாற்றில் அதற்கு முன் எந்த ஆண்டிலும் அவ்வளவு நடந்ததில்லை. சுற்றுலாச் சுவரொட்டியில் இது இருக்காது. அங்கே குடியிருப்பவர் தெரிந்துகொண்டுதான் ஆகவேண்டும்.

அடுத்தது மொழி. பள்ளிக்கூட ஸ்பானிஷ் படித்துவிட்டு வந்தவர்களும் தடுமாறுவார்கள். ஸ்பானிஷில் மரியாதையாக 'நீங்கள்' என்று சொல்ல 'உஸ்தெத்' என்ற சொல் உண்டு. கோஸ்டாரிகாவில் அதை அம்மா தன் குழந்தையிடமும் சொல்வார், கணவன் மனைவியிடமும் சொல்வார். வீட்டு நாயைக்கூட 'நீங்கள் இங்கே வாருங்கள்' என்று கூப்பிடுவதைக் கேட்டு வெளிநாட்டுக்காரர்கள் சிரித்துவிடுவார்கள். நாய் மட்டும் சிரிக்காமல் வரும்!

'அஓரிதா' என்றொரு சொல். அகராதியில் பார்த்தால் 'இப்போதே' என்று இருக்கும். குழாய் சரிசெய்பவர் 'அஓரிதா வருகிறேன்' என்றால் இன்றைக்கு வரலாம், நாளைக்கும் வரலாம். முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்வதை இவர்கள் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். எதிரே இருப்பவர் மனம் புண்படக் கூடாது என்ற எண்ணம். இது புரியாமல் கோபப்பட்டுக் கத்தினால், கத்தியவருக்குத்தான் ஊரில் கெட்ட பெயர்.

எல்லாவற்றுக்கும் மேலே 'பூரா விதா'. நேர்ப் பொருள் 'தூய வாழ்க்கை'. வணக்கத்துக்கும் அதுதான், நன்றிக்கும் அதுதான், 'பரவாயில்லை விடுங்க' என்பதற்கும் அதுதான்.

நேற்றுச் சோறும் சௌசௌவும்

அந்நாட்டுக் காலை உணவு 'காயோ பிந்தோ'. 'புள்ளிச் சேவல்' என்று அர்த்தம். நேற்று மிஞ்சிய சோற்றை, வேகவைத்த கறுப்பு பீன்ஸ், வெங்காயம், குடைமிளகாய், கொத்தமல்லித்தழை சேர்த்துப் பிரட்டி எடுப்பதுதான் இது. சேவல் எதுவும் கிடையாது. வெள்ளைச் சோற்றில் கறுப்பு பீன்ஸ் புள்ளி புள்ளியாகத் தெரிவதால் அந்தப் பெயர். மேலே லிசானோ என்ற புளிப்பும் இனிப்புமான சாஸ். 1920-ல் உருவான இந்த சாஸ் இல்லாத சமையலறை அங்கே அபூர்வம்.

மதியச் சாப்பாட்டுக்கு 'கசாதோ' என்று பெயர். 'கல்யாணம் ஆனவர்' என்று பொருள். சோறு, பீன்ஸ், காய், வறுத்த நேந்திரம்பழம், ஒரு துண்டு மீனோ கோழியோ. இதைக் கொடுக்கும் சின்னச் சாப்பாட்டுக் கடைகளின் பெயர் 'சோடா'. வெளிநாட்டுக்காரர் கையிருப்புக் குறையும்போது கண்டுபிடிக்கும் இடம் இதுதான். கடற்கரை உணவகத்தில் டாலரில் சாப்பிட்டு முடித்துவிட்டு, அடுத்த தெரு சோடாவில் பாதி விலைக்கும் குறைவாக வயிறு நிறைவதைக் கண்டு தலையில் அடித்துக்கொள்வார்கள்.

வார இறுதியில் ஊருக்கு ஊர் உழவர் சந்தை கூடும். பப்பாளி, அன்னாசி, மரவள்ளிக்கிழங்கு, கொய்யா என்று குவிந்து கிடக்கும். அங்கே 'சயோதே' என்று கூவி விற்கும் காயைப் பார்த்தால் தமிழ் வாசகர்களுக்கு உடனே அடையாளம் தெரியும். நம் சாம்பாரிலும் கூட்டிலும் போடுகிற சௌசௌதான் அது! அதன் பூர்வீகமே மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும்தான். கோஸ்டாரிகாவின் கர்த்தாகோ மாகாணத்தில் ஏற்றுமதிக்கென்றே பந்தல் பந்தலாக விளைவிக்கிறார்கள். பொடியாக நறுக்கி, சோளமணியோடு வதக்கிச் சாப்பிடுகிறார்கள்.

மழை நாளில் காபிக்குப் பதிலாக 'ஆகுவா துல்சே' குடிப்பார்கள். கரும்பு வெல்லத்தை வெந்நீரில் கரைத்தால் அதுதான்.

டிசம்பரில் கோடை!

வானிலையும் ஒரு பாடம். கோஸ்டாரிகா பூமத்திய ரேகைக்கு வடக்கேதான் இருக்கிறது. ஆனால் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையான மழையில்லாக் காலத்தைத்தான் அவர்கள் 'கோடை' என்கிறார்கள். மே முதல் நவம்பர் வரை 'குளிர்காலம்'. அதாவது மழைக்காலம். காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல் கொட்டித் தீர்க்கும். துணி துவைப்பதானால் காலையிலேயே காயப்போட்டாக வேண்டும்.

அக்டோபர் மாதம் அலமாரியைத் திறந்தால் தோல் செருப்பில் பச்சையாகப் பூஞ்சை பூத்திருக்கும். புத்தகம் நமுத்துப்போகும். நிலநடுக்கமும் வழக்கமான விருந்தாளி. சின்ன ஆட்டத்துக்கு உள்ளூர்க்காரர்கள் பேச்சை ஒரு நொடி நிறுத்திவிட்டுத் தொடர்வார்கள். புதியவர் மட்டும் வாசலில் நிற்பார்.

காகிதமும் கணக்கும்

எத்தனை நாள் சுற்றுலாப் பயணியாகவே ஓட்ட முடியும்? பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். அனுமதித்த நாள் முடியும்போது நிகராகுவா அல்லது பனாமா எல்லைக்குப் பேருந்தில் போய், முத்திரை குத்திக்கொண்டு திரும்பி வருவார்கள். அமெரிக்கர், கனடா நாட்டவர் போன்றோருக்கு 90 நாளாக இருந்த காலக்கெடுவை 2023-ல் 180 நாளாக்கியதால் இந்த அலைச்சல் பாதியானது. இந்தியர்களோ, நம் பாஸ்போர்ட்டை மட்டும் நம்பிப் போக முடியாது, விசா வேண்டும்.

முறைப்படி தங்க விரும்பினால் பல வழிகள் உண்டு. ஆயுள் முழுதும் மாதம் குறைந்தது 1,000 டாலர் ஓய்வூதியம் வரும் என்று காட்டுபவர்களுக்கு ஒரு பிரிவு. இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 2,500 டாலர் வருமானம் உறுதி என்று காட்டுபவர்களுக்கு ஒரு பிரிவு. லேப்டாப்பில் வெளிநாட்டு வேலை செய்பவர்களுக்கு 2021-ல் தனிச் சட்டமே வந்தது. அதற்கு மாதம் 3,000 டாலர் வருமானம் காட்ட வேண்டும்.

குடியுரிமை அல்ல, வசிக்கும் உரிமைதான். அது கிடைத்தால் 'காஹா' என்ற சமூகக் காப்பீட்டில் சேர்ந்தே ஆக வேண்டும். 1941-ல் தொடங்கிய இந்த அமைப்புதான் நாட்டின் மருத்துவத்துக்கு முதுகெலும்பு. மாதாமாதம் பணம் கட்டிவிட்டால் மருத்துவர், மருந்து, அறுவை சிகிச்சை எதற்கும் தனியாகக் கட்டணம் இல்லை. அந்தந்தப் பகுதிக்கு ஒரு சின்ன மருத்துவ நிலையம் உண்டு. அங்கிருந்து சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வந்து ரத்த அழுத்தம் பார்ப்பார், தடுப்பூசி விவரம் கேட்பார். ஆனால் சிறப்பு மருத்துவரைப் பார்க்க மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வசதியுள்ளவர்கள் தனியார் மருத்துவமனைக்குப் போய்விடுகிறார்கள்.

ஓய்வூதியத்தை நம்பி வந்தவர்களுக்கு அண்மையில் ஓர் இடி விழுந்தது. 2022-ன் நடுவில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 690 கொலோன் கிடைத்தது. 2024-ல் அது 510 பக்கம் வந்துவிட்டது. அங்கே விலைவாசி அந்த அளவுக்குக் குறையவில்லை. ஆனால் 1,000 டாலர் ஓய்வூதியம், 6,90,000 கொலோனாக இருந்தது 5,10,000 ஆகிவிட்டது. 'சொர்க்கத்தில் சிக்கனமாக வாழலாம்' என்று வந்தவர்கள் கணக்குப் புத்தகத்தை மறுபடி திறந்தார்கள். சிலர் ஊர் திரும்பினார்கள்.

இன்னொரு வெளிநாட்டுக்காரர்

கோஸ்டாரிகாவில் வெளிநாட்டுக்காரர் என்றதும் கடற்கரையில் சாய்வு நாற்காலி போட்ட வெள்ளைக்காரர்தான் நினைவுக்கு வருவார். உண்மை வேறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அங்கே வசித்தவர்களில் 100-க்கு 9 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அவர்களில் நான்கில் மூன்று பேர் நிகராகுவாக்காரர்கள்!

உள்நாட்டுப் போர், 1998-ல் அடித்த மிட்ச் புயல், 2018-ல் தொடங்கிய அரசியல் அடக்குமுறை என்று ஒவ்வொரு காரணத்துக்கும் ஓர் அலை எல்லை தாண்டி வந்தது. கட்டடத்தில் கலவை சுமப்பவர், அன்னாசித் தோட்டத்தில் குனிந்து நிற்பவர், வாசலில் இரவுக் காவல் இருப்பவர், வீட்டில் சமைத்துத் துடைப்பவர் என்று பார்த்தால் பலர் இவர்கள்தான். வெளிநாட்டுக்காரர் வீட்டில் வேலை பார்ப்பவரும் வெளிநாட்டுக்காரரே.

இருவரும் அந்நியர்கள்தான். ஒருவரை 'எக்ஸ்பாட்' என்கிறார்கள், மற்றவரை 'வந்தேறி' என்கிறார்கள். ஒருவர் பேச்சு வழக்கைப் புரிந்துகொள்ளாவிட்டால் எல்லோரும் பொறுமையாகச் சிரிக்கிறார்கள். மற்றவர் அதே ஸ்பானிஷை வேறு ராகத்தில் பேசினால் கேலி செய்யும் நகைச்சுவைகள் உண்டு.

காபி அறுவடைக் காலத்தில் தர்ராசு மலைப்பகுதிக்குப் போனால் பனாமா பக்கத்திலிருந்து வரும் ஙாபே பழங்குடிக் குடும்பங்களைப் பார்க்கலாம். பழத்தைப் பறித்து 'கஹுவேலா' என்ற அளவுப் பெட்டியில் போடுவார்கள். இத்தனை பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி. பெற்றோர் தோட்டத்தில் இருக்கும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள 'மகிழ்ச்சி இல்லம்' என்ற பெயரில் காப்பகங்கள் நடக்கின்றன. உலகம் குடிக்கும் காபியில் இவர்கள் வியர்வை இருக்கிறது.

வெளிநாட்டுக்காரர் ஒருவர் வீட்டு வேலைக்கு ஆள் வைத்தால் சட்டப்படி அவரைக் காஹாவில் பதிய வேண்டும். டிசம்பரில் ஒரு மாதச் சம்பளத்துக்கு ஈடான 'அகினால்தோ' கொடுக்க வேண்டும். 'ஆவணம் இல்லாதவர்தானே, யார் கேட்கப் போகிறார்கள்?' என்று ஏய்ப்பவர்கள் உண்டு. ஒழுங்காகக் கொடுப்பவர்களும் உண்டு. ஒரு விருந்தாளி எப்படிப்பட்டவர் என்பது அவர் வீட்டுச் சமையலறையில்தான் தெரியும்.

யாருக்குத் தண்ணீர்?

பசிபிக் கரையில் உள்ள குவானகாஸ்தே மாகாணம் நாட்டிலேயே வறண்ட பகுதி. கோடையில் மாதக்கணக்கில் மழை இருக்காது. ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் அதிகம் விரும்பும் கடற்கரைகளும் அங்கேதான். வில்லாக்கள், நீச்சல் குளங்கள், புல்தரைகள் பெருகின.

2008-ல் சர்தினால் என்ற ஊரின் நிலத்தடி நீரைக் குழாய் வழியே கடற்கரைச் சுற்றுலாப் பகுதிக்குக் கொண்டுபோகத் திட்டமிட்டார்கள். ஊர் மக்கள் தெருவில் இறங்கினார்கள். 'எங்கள் கிணறு வற்றினால் யார் பொறுப்பு?' என்று கேட்டார்கள். வேலை நின்றது. திட்டம் வருடக்கணக்கில் முடங்கிக் கிடந்தது.

நிலமும் அப்படித்தான். கடற்கரையில் முதல் 50 மீட்டர் யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் பொது என்று 1977-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதற்கடுத்த 150 மீட்டரில் குத்தகை பெற வேண்டுமானால் வெளிநாட்டுக்காரர் குறைந்தது ஐந்து வருடம் அங்கே வசித்திருக்க வேண்டும். நல்ல பாதுகாப்புதான். ஆனால் அந்தக் கோட்டுக்கு அப்பால் விலை டாலரில் ஏறுகிறது. மீனவர் மகனும் பள்ளி ஆசிரியையும் பிறந்த ஊரிலேயே வாடகை கொடுக்க முடியாமல் உள்ளே தள்ளிப் போகிறார்கள்.

இதற்காக ஊர்வலம் போக நினைக்கும் நல்ல மனசுள்ள வெளிநாட்டுக்காரருக்கும் ஒரு வரம்பு உண்டு. அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு, வெளிநாட்டவருக்கு நாட்டு மக்களைப் போலவே உரிமையும் கடமையும் உண்டு என்கிறது. கூடவே, நாட்டின் அரசியல் விவகாரங்களில் தலையிடக் கூடாது என்றும் சொல்கிறது. கொடி பிடிக்க முடியாது. ஆனால் நீச்சல் குளம் வேண்டாம் என்று முடிவு செய்யலாம். மழைநீரைத் தொட்டியில் பிடிக்கலாம். கிராமத்துத் தண்ணீரை ஊர் மக்களே சங்கம் வைத்து நிர்வகிக்கிறார்கள். அவர்கள் சொல்லும் கட்டுப்பாட்டுக்குக் கட்டுப்படலாம். மொன்தெவெர்தே குவேக்கர்கள் செய்ததும் பெரிய போராட்டம் ஒன்றும் இல்லை. ஊற்றுக்கு மேலே இருந்த மரத்தை விட்டுவைத்தார்கள், அவ்வளவுதான்.

விளக்கு ஏந்திய மாலை

செப்டம்பர் 15 கோஸ்டாரிகாவின் சுதந்திர தினம். அதற்கு முதல் நாள் மாலை சரியாக ஆறு மணிக்கு நாடு முழுவதும் தேசிய கீதம் ஒலிக்கும். ராணுவ அணிவகுப்பு கிடையாது. அட்டையிலும் வண்ணத் தாளிலும் வீட்டிலேயே செய்த விளக்குகளைத் தூக்கிக்கொண்டு குழந்தைகள் தெருவில் நடப்பார்கள். மாட்டுவண்டி வடிவ விளக்கு, குடிசை வடிவ விளக்கு, கிளி வடிவ விளக்கு!

அந்த வரிசையில் நிகராகுவா அம்மாவின் பிள்ளையும் இருக்கும், அமெரிக்கத் தம்பதியின் பிள்ளையும் இருக்கும். அங்கே பிறந்த குழந்தைகளுக்குப் பெற்றோர் எந்த நாட்டவரானாலும் கோஸ்டாரிகா குடியுரிமை பெறும் வழி உண்டு. பெற்றோர் ஓரமாக நின்று, வாய்க்கு வந்த வரைக்கும் தேசிய கீதத்தை முணுமுணுப்பார்கள்.

இப்படியே சில வருடங்கள் போகும். கடைக்காரர் பெயர் தெரியும், பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு முழங்கால் வலி என்று தெரியும். யாராவது வழி கேட்டால், 'பழைய அத்தி மரத்திலிருந்து...' என்று தானாக வாயில் வரும். மரத்தைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் வரும்.

அப்புறம் ஒரு நாள், தெருவில் யாரோ யாருக்கோ வழி சொல்வது காதில் விழும்: 'அந்த வெளிநாட்டம்மா வீடு இருக்கிறதே, அங்கிருந்து 50 மீட்டர் கிழக்கே...'

அன்றைக்குத்தான் அவருக்கு அந்த ஊரில் முகவரி கிடைத்தது என்று அர்த்தம்.